சோலார் பேட்டரியை எங்கே வைப்பது?

லடாக் போன்ற பனிப் பிரதேசங்களில் சோலார் பேட்டரிக்குக் குளிர்தான் எதிரி. 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால், உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் முதலில் அதைச் சூடாக்கி, பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

மார்கழிப் பனியிலும் தாம்பரத்தில் அந்தக் கவலை இல்லை. இங்கே எதிரி வெயில்! 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி பதிவானது. மொட்டை மாடித் தகர ஷெட்டுக்குள் அதைவிடக் கொதிக்கும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஏற்றது சுமார் 25 டிகிரி. தொடர்ந்து 10 டிகிரி கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

சரி, கீழே மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமா? முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகள் வேண்டாம் என்பார்கள். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் அங்கே வெள்ளம் சூழ்ந்தது. கரன்ட் இல்லாமல் பேட்டரியை நம்பியிருக்கும் நேரத்தில், அதுவே தண்ணீரில் மூழ்கிவிட்டால்?

வெள்ளம் வரும் பகுதி என்றால் முதல் மாடியே நல்லது. வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில், ஸ்டாண்டு போட்டு உயர்த்தி வையுங்கள். படுக்கையறை மட்டும் வேண்டாம். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியாகும்.