அடைக்கோழி: அமர்த்துவதா, தெளியவைப்பதா?

வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. அவ்வேரியின் மேற்குக் கரையோரம், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்தது சுண்ணாம்புக்குளம். இப்பகுதியின் மீனவச் சிற்றூர்களில் குடும்ப வருவாய் ஏரித் தண்ணீரோடு கட்டுண்டது. இறாலும் நண்டும் மடவையும் வலை நிறைய வரும் நாளும் உண்டு. படகு வெறுமையாகக் கரை சேரும் நாளும் உண்டு. அத்தகைய நாளில் அடுப்பை எரியச் செய்வது பல வேளைகளில் கொல்லைப்புறத்துக் கோழியே. முட்டை விற்ற காசும், சேவல் விற்ற பணமும் குடும்பத் தலைவியின் கைப்பணம். கணவரிடம் கேளாமல் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தர அவளுக்கு உதவுவது அப்பணமன்றோ?

அந்தக் கோழி ஒருநாள் முட்டையிடுவதை நிறுத்திவிடுகிறது. வெறுங்கூட்டில் ஏறி அமர்ந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறுகிறது. கை நீட்டினால் கொத்துகிறது. உண்ணுவதற்கும் எழுவதில்லை. "கோழி அடைக்கு வந்துவிட்டது" என்கிறோம். அதன்பின் நாம் செய்வது என்ன? சிலர் கூட்டிலிருந்து விரட்டி விரட்டிச் சலித்துப் போகிறார்கள். சிலர் கையில் கிடைத்த முட்டைகளை எல்லாம் அதன்கீழ் வைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் இழப்பே மிகுதி. அடைக்கு வந்த இரண்டொரு நாளிலேயே, "இதை அமர்த்துவதா, தெளியவைப்பதா?" என்று முடிவு செய்யும் இல்லத்தில் மட்டுமே கோழி வளர்ப்பு ஆதாயம் தரும்.

அடை என்பது நோயன்று

அடைக்கு வருவது சோம்பலுமன்று, நோயுமன்று. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி, புரோலாக்டின் என்ற சுரப்பு நீரை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் விளைவாக முட்டைப்பை சுருங்கி, முட்டை உருவாவது நின்றுவிடுகிறது. வயிற்றுப் பகுதியில் இறகு உதிர்ந்து, தோலின் சூடு முட்டையில் நேரே படுகிறது. வயிறு கூட்டின் வெப்பத்தில் அழுந்தியிருக்கும் வரையில் அந்தச் சுரப்பும் நீடிக்கும். இந்த ஒன்றை நினைவில் கொண்டால், கீழே சொல்லப்படும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

எல்லா இனமும் அடை காப்பதில்லை. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டையினக் கோழிகளில், பல தலைமுறைத் தேர்வினால் இவ்வியல்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவற்றின் முட்டைகளைப் பொரிக்க இயந்திரம் வேண்டும். பழங்கால எகிப்தியர் களிமண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தனர். மின்சாரமும் சூளையும் வேண்டாத பொரிப்பகம் நம் கொல்லையில் இரண்டு கால்களோடு நடமாடுகிறது. நம் நாட்டின் சிறுவிடைக் கோழி இதில் தேர்ந்த தாய்.

ஒரு சிறு கணக்கு

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் ஏறத்தாழ 12 முதல் 15 முட்டைகள் இட்டு அடைக்கு வரும். முட்டையிட மூன்று, நான்கு வாரம். அடை காக்க 21 நாள். குஞ்சுகளைக் கூட்டித் திரிய இரண்டு, மூன்று மாதம். ஆக, ஒரு சுற்று முடிய ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன. மாறாக, அடையைத் தெளியவைத்தால் இரண்டு, மூன்று வாரங்களில் அது மீண்டும் முட்டையிடத் தொடங்கும். ஒரு சுற்று முட்டைக்குப் பதிலாக அதே நான்கு மாதத்தில் இரண்டு சுற்றுக்கு மேல் கிடைக்கும்.

அதனால் எல்லாக் கோழிகளையும் தெளியவைப்பது அறிவுடைமை ஆகாது. குஞ்சு இல்லையேல் அடுத்த ஆண்டு கோழியும் இல்லை. மூன்று கோழிகள் உள்ள வீட்டில் ஒன்றை அமர்த்தி, இரண்டைத் தெளியவைப்பது நல்ல பங்கீடு. இரண்டை ஒரே நாளில் அமர்த்துவதும் உண்டு. பொரித்தபின் இரண்டின் குஞ்சுகளையும் நல்ல தாய் ஒன்றிடம் இரவில் சேர்த்துவிட்டு, மற்றதைத் தெளியவைக்கலாம். ஒரு கோழி 15 குஞ்சுகள் வரை சிறகினுள் அணைத்துக்கொள்ளும்.

அமர்த்துவதாயின்

முதலில் பருவம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் ஏரிக்கரை வீடுகள் ஈரத்தில் ஊறியிருக்கும். குஞ்சு குளிர் தாங்காது. அக்கினி வெயிலிலோ முட்டை வைக்கும் முன்பே கெட்டுவிடும். தை, மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை.

முட்டைகளை ஈர மணலில் பதித்த மண்சட்டியில் சேமித்து வையுங்கள். ஒரு வாரத்திற்கு மேற்பட்டவை வேண்டாம். கோடையில் நான்கைந்து நாள் போதும். சேவலோடு கூடிய கோழியின் முட்டையே பொரிக்கும். விரிசல் உள்ளவற்றையும் மிகச் சிறியவற்றையும் விலக்குங்கள். கோழியின் உடலுக்கேற்ப 10 அல்லது 12 முட்டைகள் போதும். ஆசையால் 18 வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறிமாறிக் குளிர்ந்து, எல்லாவற்றிற்குமே கேடு விளையும்.

கூடையில் உலர்ந்த மணல் பரப்பி, மேலே வைக்கோல் இடுங்கள். பேன் வராதிருக்க நொச்சி அல்லது வேப்பிலையை அடியில் வைக்கலாம். இடி முழக்கத்திற்கு அஞ்சி இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். வைத்தால் தீங்கில்லை. ஆனால், கூமுட்டை மிகுவதற்குக் காரணம் இடியன்று. பழைய முட்டை, சேவல் சேராத முட்டை, ஈரம் ஆகியவையே.

அமர்த்துவது இரவு நேரமாக இருக்கட்டும். கோழி அமைதியாக ஏற்றுக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை இரையும் நீரும் கொள்ள எழுப்பி விடுங்கள். கால் மணி, இருபது நிமிடம் எழுந்திருந்தால் முட்டைக்குக் கேடில்லை. அப்போது சாம்பல் கலந்த மண்ணில் புரள விடுவது பேனுக்கு மருந்து. ஏழாம் நாள் இருளில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் செந்நரம்பு தெரிந்தால் கரு உள்ளது. தெளிவாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப்பின் முட்டையைத் தொடவேண்டாம். குஞ்சு வெளிவரத் தாமதமானால் ஓட்டைப் பிய்த்து "உதவி" செய்வதும் வேண்டாம். பல குஞ்சுகள் அவ்வுதவியாலேயே இரத்தம் கசிந்து மடிகின்றன.

தெளியவைப்பதாயின்

மூக்குத் துளையில் இறகைச் செருகுவதும், தண்ணீரில் முக்கி எடுப்பதும் நாட்டுப்புறங்களில் காணப்படும் வழக்கங்கள். இறகு செருகினால் புண்ணும் சீழும் உண்டாகி, கோழி இரை எடுக்காமல் மெலியும். தண்ணீரில் முக்குவதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. வயிறு குளிர்ந்தால் அடை தெளியும். ஆனால் நனைந்த கோழி ஒரு மணி நேரத்தில் உலர்ந்து மீண்டும் கூட்டில் ஏறிவிடும். மழைக்காலமாயின் சளியும் பிடிக்கும்.

இதைவிட எளிய, இரக்கமுள்ள வழி உண்டு. மூங்கில் பட்டைகளை இடைவெளி விட்டு அடித்த கூண்டில், அல்லது கம்பி வலைத் தளமிட்ட பெட்டியில் கோழியை விடுங்கள். வைக்கோலோ சாக்கோ உள்ளே இருத்தலாகாது. கூண்டை நான்கு செங்கற்களின்மேல் நிழலில் உயர்த்தி வைத்தால் அடியில் காற்று ஓடி வயிறு குளிரும். இரையும் நீரும் குறைவின்றிக் கொடுங்கள்; பட்டினி போட்டால் முட்டைதான் தாமதமாகும். மூன்று, நான்கு நாளில் அடை தெளியும். திறந்துவிட்டதும் மீண்டும் கூட்டை நாடினால் இன்னும் இரண்டு நாள் வையுங்கள். அடைக்கு வந்த முதல் நாளிலேயே தொடங்கினால் விரைவில் தெளியும். பத்து நாள் கழித்துத் தொடங்கினால் அத்தனைக்கு நாளும் நீளும். முட்டைகளை அன்றாடம் எடுத்துவிடுவது, அடைக்கு வருவதையே சற்றுத் தள்ளிப்போடும்.

குஞ்சுகள் பிழைக்க

முதல் சில வாரங்களில் குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. தாயின் சிறகே அதற்குக் கணப்பு. எருசலேமைப் பார்த்து மனம் கசிந்த ஆண்டவர், தம் அன்பைச் சொல்ல இந்தச் சிறகையே உவமையாகத் தேர்ந்தெடுத்தார். அவர் கண்ணீர் விட்ட இடத்தில் 1955இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயத்தின் பீடத்திலும், குஞ்சுகளை அணைத்த கோழியின் உருவமே வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டுள்ளது.

ஏரிக்கரையில் குஞ்சுகளுக்குத் தனிப்பட்ட சில இடர்கள் உண்டு. கருவாட்டுத் தூளை இரையாகப் போடுவது எளிது. ஆயின் அதிலுள்ள உப்பு குஞ்சைக் கொல்லும். உப்பிடாமல் வெயிலில் உலர்த்திய சென்னாக்குன்னியோ பொடிமீனோ நல்ல இரை. அதையும் நொய்யோடு சிறிதளவே கலந்து கொடுங்கள். குடிக்க உவர்நீர் ஆகாது. நாம் பருகும் நல்ல நீரே வேண்டும். ஆழமற்ற தட்டில், கூழாங்கற்களை இட்டு வைத்தால் குஞ்சு விழுந்து மூழ்காது. காக்கைக்கும் பருந்துக்கும் அஞ்சவேண்டியதில்லை. கிழிந்து ஒதுக்கிய மீன்வலையை நான்கு கொம்புகளின்மேல் விரித்துக் கட்டினால் அதுவே அரண். வலை தொங்காமல் இழுத்துக் கட்டுவது முக்கியம். இல்லையேல் குஞ்சின் கால் சிக்கும். இரவில் கீரியும் பூனையும் நுழையாதபடி பஞ்சாரத்தால் மூடி, மேலே கல் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் என்னும் கொடிய நோய் ஒரே வாரத்தில் கொல்லையையே வெறுமையாக்கும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாடுங்கள்.

இறுதியாக ஒன்று. அடுப்படிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், கோழியை அமர்த்திய நாளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஏழாம், 18ஆம், 21ஆம் நாட்களையும் குறித்துவிடுங்கள். இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். 21ஆம் நாள் விடியலில், வெறும் படகோடு தந்தை கரையேறும் வேளையிலும், "அப்பா, பத்துக் குஞ்சு!" என்று ஓடிவந்து சொல்ல அவர்களுக்கு ஒரு நற்செய்தி இருக்கும்.