கதை வரும்வரை காத்திருக்க வேண்டாம்

பிள்ளைக்கு மூன்று வயது தாண்டியும் கதை வரவில்லையா? “பிந்திக் கதைப்பான், பொறுங்கோ” என்று அயலில் ஆறுதல் சொல்வார்கள். பொறுக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். காரணம் ஒட்டிசமோ மூளை முடக்குவாதமோ, எதுவானாலும் பிள்ளைக்குச் சொல்ல இருப்பதை இன்றே சொல்ல ஒரு வழி வேண்டும்.

அந்த வழிக்குப் பெயர் துணை, மாற்றுத் தொடர்பாடல் (வாய்ப்பேச்சோடு சேர்த்தோ, அதற்குப் பதிலாகவோ படம், சைகை, கருவி கொண்டு பேசுவது).

படத்தைத் தொட்டே பழகினால் வாய் திறக்காமல் விட்டுவிடுமோ? அநேகமான பெற்றோருக்கு இந்தப் பயம் உண்டு. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகளில் இருந்த 27 பேரைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை. 89 சதவீதமானோருக்குக் கூடியிருந்தது.

எதைக்கொண்டு தொடங்குவது? ஒரு காட்போட் மட்டை போதும். ஒன்பது கட்டம் கீறி, படம் ஒட்டி, கீழே சொல்லை எழுதுங்கள். சாப்பாட்டுப் படங்களால் மட்டையை நிரப்பிவிடாதீர்கள். ‘வேண்டாம்’, ‘நோகுது’, ‘இன்னும்’, ‘காணும்’, ‘வா’ என்பவைதான் நாள் முழுக்க உதவும். வயிற்று நோவைச் சொல்லத் தெரியாத பிள்ளை கத்தித்தான் சொல்லும்; அதை நாம் குழப்படி என்று நினைத்துவிடுகிறோம்.

டப்லெட் இருந்தால்? சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் பேசும். அதிலுள்ள சொற்களை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு ஏற்ப மாற்றுங்கள். மட்டையையும் கைவிடாதீர்கள். கிணற்றடிக்கு அதுதான் வரும்.

எப்படிப் பழக்குவது? நீங்கள் முதலில் தொட்டுக் கதையுங்கள். இடியப்பம் வைக்கும்போது “இன்னும் வேணுமோ?” என்றபடி ‘இன்னும்’ படத்தைத் தொடுங்கள். பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணி, பேசாமல் இருங்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து அழுத்தவேண்டாம். “இது என்ன, காட்டு” என்று சோதனை வைக்கவும் வேண்டாம். கைக்குழந்தை ஒரு வருடமளவு கேட்ட பிறகுதானே முதற்சொல் சொல்கிறது? இதற்கும் மாதக்கணக்கில் நீங்கள் தொட்டுக்காட்டத்தான் வேண்டும்.

கை வழங்காத பிள்ளை என்றால்? இரண்டு படங்களை இடைவெளி விட்டுப் பிடியுங்கள். கண் எதில் நிற்கிறதோ அதுவே பதில்.

‘வேண்டாம்’ என்று தொட்டால்? முடிந்தவரை ஏற்றுக்கொள்ளுங்கள். மருந்து போல விடமுடியாதது என்றால், “வேண்டாம் எண்டு சொல்லுறீர், விளங்குது” என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொன்னது எடுபடுகிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை மறுபடியும் மட்டையைத் தேடும்.

தமிழில் கதைக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும்போது அவர்களைப் பற்றிக் கேளுங்கள். மட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதே மட்டையைப்போல இன்னும் இரண்டு செய்து, ஒன்றை அம்மம்மா வீட்டிலும் மற்றதை ரீச்சரிடமும் கொடுத்துவையுங்கள்.