இரண்டு காயலான் கடைக் கதைகள்: கதிர்வீச்சு வெளியே பட்டால் என்ன, உள்ளே போனால் என்ன?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் காயலான் கடைக்குப் பஞ்சமே இல்லை. வெளிநாட்டுப் பழைய இரும்பும் கன்டெய்னரில் துறைமுகத்துக்கு வந்து இறங்குது. அதில் ஒரு கதிரியக்கப் பொருள் கலந்திருந்தால்? ‘எவ்வளவு ஆபத்து’ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ‘அது உடம்புக்கு வெளியே இருக்கா, உள்ளே போயிடுச்சா’ன்னு கேட்கணும். ஏன்னு இரண்டு சம்பவங்களில் பார்ப்போம்.

முதலாவது டெல்லி, மாயாபுரி, 2010. டெல்லிப் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விற்றது. ஸ்கிராப் மார்க்கெட்டில் அதைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருத்தர் அதில் ஒரு துண்டை பர்ஸில் வைத்திருந்தார். அந்த இடத்தில் தோல் வெந்துபோனது. இந்த விபத்தில் ஒருவர் இறந்தார்.

இது முக்கியமாக வெளிக்கதிர்வீச்சு. பொருள் வெளியே இருக்கு, காமா கதிர் மட்டும் உடம்பைத் துளைத்துப் போகுது. இங்கே தூரம்தான் கவசம். சின்னத் துண்டு என்றால், இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். ஈயமும் கான்கிரீட்டும் தடுக்கும். விலகிவிட்டால் புதுசாகக் கதிர் படாது. எக்ஸ்ரே எடுத்தவரிடமிருந்து நமக்குக் கதிர் ‘ஒட்டாது’, அதுவும் இதனால்தான்.

இரண்டாவது பிரேசில், கோயானியா, 1987. மூடிப்போன ஒரு சிகிச்சை மையத்திலிருந்து எடுத்த கருவி காயலான் கடைக்குப் போனது. உள்ளே சீசியம்-137, இருட்டில் நீலமாக மின்னும் தூள். அழகாக இருக்குன்னு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்ட 6 வயதுக் குழந்தை உட்பட நாலு பேர் இறந்தார்கள். 249 பேர் மீது சீசியம் ஒட்டியிருந்தது, அல்லது உடம்புக்குள் போயிருந்தது.

உள்ளே போனால் ‘தள்ளி நில்’ என்பதற்கே அர்த்தமில்லை. நீங்கள் எங்கே போனாலும் அதுவும் கூட வரும். உடம்பு சீசியத்தைப் பொட்டாசியம் மாதிரி நினைத்துத் தசைகளுக்கு அனுப்பிவிடும். அது சிதையும் வரை, இல்லை வெளியேறும் வரை கதிர் நிற்காது. அதை வேகமாக வெளியேற்றத்தான் கோயானியாவில் ‘பிரஷ்யன் நீலம்’ என்ற மருந்தைக் கொடுத்தார்கள்.

இன்னொரு திருப்பமும் இருக்கு. ஆல்ஃபா கதிரை ஒரு தாளே நிறுத்திவிடும், தோலைத் தாண்டாது. ஆனால் ஆல்ஃபா வீசும் பொருள் நுரையீரலுக்குள் போய்விட்டால், ஒட்டியிருக்கும் செல்லிலேயே மொத்த ஆற்றலையும் கொட்டும்.

எண்ணூர் நிலக்கரிச் சாம்பலையும் இப்படித்தான் பார்க்கணும். நிலக்கரியில் இருக்கும் துளி யுரேனியமும் தோரியமும் எரிந்த பிறகு சாம்பலில் தங்கிவிடும். அளவு குறைவு, கோபால்ட்டோடு ஒப்பிடவே முடியாது. சாம்பலின் பெரிய தொல்லை நுண்துகளும் கன உலோகங்களும்தான். ஆனால் எல்லாமே உள்ளே வரும் பாதை ஒன்று: மூச்சும் வாயும். அதனால் சாம்பல் பறக்காமல் தடுப்பதுதான் பாதுகாப்பு.

காயலான் கடையில் மூணு இதழ் விசிறி போட்ட மஞ்சள் சின்னத்தையோ, காரணமில்லாமல் கனக்கும் ஈயப் பெட்டியையோ பார்த்தால் திறக்காதீங்க, வெட்டாதீங்க. விலகி நின்று 112-க்குக் கூப்பிடுங்க. மேலே தூள் பட்டிருந்தால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்க. கழுவும் வரை எதையும் வாயில் வைக்காதீங்க.