மலேரியாவும் மருத்துவக் கணக்கும்

வணிகம் செய்வோர்க்கு வரவு செலவுக் கணக்கு எத்துணை இன்றியமையாததோ, ஒரு நாட்டின் சுகாதாரத்தைப் பேணுவோர்க்கு நோய்க் கணக்கும் அத்துணை இன்றியமையாததாகும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை பேருக்கு, என்ன நோய் கண்டது என்னும் செய்திகளைத் திரட்டி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, செய்யத்தக்கது இதுவெனத் துணிவதே மருத்துவத் தகவல் முறையின் நோக்கம். இம்முறையினால் விளையும் நன்மையையும், அது தளர்ந்தவிடத்து நேரும் கேட்டினையும் ஒருங்கே காட்டவல்லது இலங்கையின் மலேரியா வரலாறு.

1934 ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்து ஓடும் ஆறுகள் வற்றி, அவற்றின் படுகைகளில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கி நின்றன. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இன நுளம்பு அத்தகைய தெளிந்த தேங்குநீரில் முட்டையிட்டுப் பெருகும். அவ்வாண்டின் இறுதியில் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் மூண்ட காய்ச்சல், 1935 இலும் நீடித்து, சுமார் 80,000 உயிர்களைக் கவர்ந்தது. மழையின் அளவு, ஆற்றின் நீர்மட்டம், நுளம்பின் பெருக்கம், காய்ச்சற்காரரின் தொகை ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை இக்கொள்ளைநோய் உணர்த்திற்று. இந்நான்கையும் வெவ்வேறு ஏடுகளிற் குறித்துவைப்பதனால் மட்டும் பயனில்லை. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்பொழுதே முன்னெச்சரிக்கை பிறக்கும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் வீடுகள்தோறும் டி. டி. ரி. மருந்து தெளிக்கப்பட்டது. நோய் விரைந்து குறைந்தது. 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் ஒழிந்துவிட்டது என்றே பலரும் நம்பினர்.

ஆயினும் இத்தகைய சிறு தொகையைக் காணுமிடத்து எழவேண்டிய வினா ஒன்றுண்டு. எத்தனை பேரைச் சோதித்து இத்தொகை பெறப்பட்டது? ஒரு மாவட்டத்திற் காய்ச்சல் கண்ட பதினாயிரம் பேரின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இருவரிடம் மட்டும் மலேரியாக் கிருமி காணப்பட்டதாகக் கொள்வோம். மற்றொரு மாவட்டத்தில் இருபது பேரை மாத்திரம் சோதித்து, ஒருவரிடமும் அது காணப்படவில்லை என வைத்துக்கொள்வோம். ஏட்டிலே பூச்சியம் எழுதப்பட்டிருப்பது இரண்டாவது மாவட்டத்தில். ஆனால் நம்பிக்கைக்குரிய செய்தி கிடைப்பது முதலாவது மாவட்டத்திலிருந்தே. தேடியும் காணாத பூச்சியம் வேறு, தேடாமையாற் காணாத பூச்சியம் வேறு. புள்ளிவிபரத்தை ஆராய்வோர் நோயாளரின் தொகையோடு சோதிக்கப்பட்டோரின் தொகையையும் எப்பொழுதும் கேட்பதன் காரணம் இதுவே.

1963 இன் பின்னர் மருந்து தெளித்தல் கைவிடப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. சேனைப் பயிர் செய்வோரும் மாணிக்கம் அகழ்வோரும் காட்டுப்புறங்களிற் குடிசையிட்டு வாழ்ந்தனர். அவர்களிடையே எஞ்சியிருந்த கிருமி எவர் கணக்கிலும் ஏறாமற் பெருகிற்று. 1967 இன் பிற்பகுதியில் நோய் மீண்டும் தலைதூக்கியது. 1969 ஆம் ஆண்டில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழு ஐந்து இலட்சமாவதற்கு ஆறே ஆண்டுகள் போதியனவாயின.

அதன்பின் இந்நோயை அடக்குவதற்கு நீண்ட காலம் சென்றது. 1999 ஆம் ஆண்டிலும் 264,549 பேர் நோயுற்றனர். போர் நடந்த பகுதிகளிலுங்கூட நுளம்புவலைகள் வழங்கப்பட்டன. இரத்தச் சோதனைகள் நடைபெற்றன. ஒவ்வொரு நோயாளரும் எங்கே தங்கினார், யாருடன் இருந்தார் என்பன விசாரித்துப் பதியப்பட்டன. உள்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிற் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகளேனும் உள்நாட்டுத் தொற்று இல்லையென்பதைச் சான்றுகளுடன் நிறுவினாலன்றி அந்நிறுவனம் இவ்வாறு அறிவிப்பதில்லை. ஆகவே 1963 இன் பதினேழை விட 2016 இன் பூச்சியம் உறுதியானது.

அவ்வுறுதி பின்னரும் சோதனைக்குள்ளாயிற்று. 2018 டிசெம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பின் வாயிலாக உள்நாட்டவர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. முதல் நோயாளரின் விபரம் ஏற்கெனவே பதிவாகியிருந்தமையால், இரண்டாமவருக்கு நோய் வந்த வழியை அறிதல் எளிதாயிற்று. அயலிலுள்ளோர் சோதிக்கப்பட்டனர், நுளம்பும் கட்டுப்படுத்தப்பட்டது. தொற்று மேலும் பரவாது நின்றது.

முன்னர் தபால்மூலம் சென்ற அறிக்கைகளின் வேலையைப் பெரும்பாலும் கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது. 2020 ஜனவரியில் கொரோனா நோயின் செய்தி பரவிய பொழுது, நோர்வே நாட்டின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த டி. எச். ஐ. எஸ். 2 என்னும் கணினி முறையைக் கொண்டு, நாட்டுக்குள் வரும் பயணிகளைக் கண்காணிக்கும் ஏற்பாட்டினை இலங்கையர் விரைந்து உருவாக்கினர். பிற நாடுகள் பலவும் அதனைப் பின்பற்றின. எனினும் எத்துணை விரைவான கணினியாயினும், தனக்குக் கொடுக்கப்படாத செய்தியை அது அறியாது.

அச்செய்தி தொடங்குமிடம் காய்ச்சலுடன் வைத்தியரை நாடிச் செல்பவரின் வாய்மொழியே. மலேரியா உள்ள நாடொன்றுக்குச் சென்று திரும்பியவர் அதனைக் கூறாது விட்டாலும், வைத்தியர் அதனைக் கேட்கத் தவறினாலும், மருந்து பிந்தும். உயிருக்கு ஆபத்து நேரலாம். ஏட்டிலே பொய்யானதொரு பூச்சியமும் விழும். பயண விபரத்தைக் கேட்பதும் சொல்வதும் சிறு செயல்களே. 80,000 உயிர்களைப் பலிகொண்ட நோய் இந்நாட்டில் மீண்டும் வேரூன்றாதிருப்பது அச்சிறு செயல்களிலேயே தங்கியிருக்கின்றது.