மேசைக் கணினியும் வானலையும்

வானொலிப் பெட்டியொன்றை வாங்கி வந்து வைத்தவுடன் அது பாடிவிடுவதில்லை என்பதை முதிய நேயர்கள் நன்கறிவர். முற்றத்து மரத்துக்கும் கூரை முகட்டுக்கும் இடையே ஏரியற் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நுனியைப் பெட்டியின் பின்புறத்தில் இணைத்து, முள்ளை மெல்ல நகர்த்தி நிலையத்தைப் பிடித்த பின்னரே ஒலி தெளிவுற்றது. இன்று பல வீடுகளில் மேசைமீது இருக்கும் கணினியின் நிலையும் ஏறத்தாழ அதுவே. மடிக்கணினியும் கைப்பேசியும் வானலையைக் கேட்கும் செவியோடு பிறக்கின்றன. மேசைக் கணினிகளுட் பல, சிறப்பாகப் பழையனவும் மலிவானவையும், அச்செவியின்றியே வந்தவை. கம்பி வழியாகச் செய்தி பெறுதற்கு ஒரு பொருத்துவாய் மாத்திரம் அவற்றின் முதுகில் உண்டு.

இணையத்தைக் கொணரும் ரவுட்டர் கூடத்தில் இருக்கும். கணினியோ பிள்ளை படிக்கும் அறையில் இருக்கும். இடையில் இரண்டு சுவர்கள். வாடகை வீடாயின் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசைவதில்லை. 2020ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்தின் வழியே நடந்தபோது இக்குறை பல இல்லங்களில் உணரப்பட்டது. நன்றாக இயங்கும் கணினியைப் பயனற்றதென ஒதுக்கிவிட்டு, கடன்பட்டுப் புதியதொன்றை வாங்க முனைவாரும் உளர். அது வேண்டாத செலவு. உள்ளங்கையில் அடங்கும் கம்பியில்லா வலையட்டை ஒன்றை உள்ளே பொருத்தினால், அதே கணினி வானலை வழியே உலகத்தோடு பேசும். புதிய கணினியின் விலையோடு நோக்க அட்டையின் விலை மிகச் சிறியது.

இவ்வட்டை செய்யும் தொழில் புதிரானதன்று. அதுவும் ஒரு வானொலிதான். கேட்பதோடு அமையாது பேசவும் வல்லது. மத்திய அலை நிலையங்களின் அலைநீளம் சில நூறு மீற்றர். சிற்றலையில் 25 மீற்றர், 31 மீற்றர் என்ற வரிசைகள் நேயர்களுக்குப் பழக்கமானவை. வைஃபை எனப்படும் இம்முறையிலோ 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர் மாத்திரமே. 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதனினும் குறுகி ஆறு சென்ரிமீற்றராகின்றது. ஆதலினாலேயே முற்றத்தை அளாவிய ஏரியல் இங்கே விரலளவாகச் சுருங்கிவிட்டது. இத்தகைய குற்றலைகளை ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, 1890களிற் கல்கத்தாவில் சில மில்லிமீற்றர் நீளமே உடைய அலைகளை உண்டாக்கிக் காட்டிய ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

1985இல் அமெரிக்க அரசு சில அலைவரிசைகளைத் தனித்த அனுமதிப்பத்திரமின்றிச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்த இடமளித்தது. 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசை அவற்றுள் ஒன்று. உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பும் அதே வரிசையிலேயே இயங்குவது. அடுப்பு எரியும் வேளையில் இணையம் தடுமாறுவதாகச் சில வீடுகளிற் கூறப்படுவதன் காரணம் இதுவே. 802.11 எனும் பொது நியமம் 1997இல் வெளிவந்தபோது அதன் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற் அளவே. 1999இல் 11 ஆகவும், 2003இல் 54 ஆகவும் அது உயர்ந்தது. பின்னர் வந்தவை நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன.

அட்டையை வாங்குவதிலேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். முதலிற் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தாய்ப்பலகையைப் பார்த்தல் வேண்டும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் செருகுவாய்கள் அங்கே நீண்டவையும் குறுகியவையுமாகக் காணப்படும். வலையட்டைக்கு மிகக் குறுகியதே போதும். அது நிரம்பியிருப்பின் நீண்டதொன்றிலும் அவ்வட்டையைச் செருகலாம். நீண்ட வாயிற் குறுகிய அட்டை வேலை செய்யாதென்று எண்ணுவது தவறு. ஆயின் 2004ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கணினிகளில் இருப்பது பழைய பி.சி.ஐ. வாய். பெயர் ஒத்திருப்பினும் அமைப்பு வேறு; ஒன்றுக்குரிய அட்டை மற்றொன்றில் நுழையாது. மெல்லிய உடலமைப்புக் கொண்ட கணினியாயின் அட்டையின் முனையிலுள்ள உலோகத் தகடும் குட்டையாக இருத்தல் வேண்டும். நல்ல அட்டைகளோடு நெட்டைத் தகடும் குட்டைத் தகடும் சேர்ந்தே வருகின்றன; பெட்டியில் இரண்டும் உளவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. இன்ரெல் நிறுவனத்தின் ஏ.எக்ஸ். 200, ஏ.எக்ஸ். 201 என்பன கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். முன்னது பொதுவான செருகுவாயில் இயங்கும். பின்னதோ அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட சில செயலிகளுக்கென அமைந்த தாய்ப்பலகைகளில் மாத்திரமே உயிர்பெறும். ஓர் இலக்க வேறுபாட்டிற் பணம் வீணாகலாம்.

இனிப் பொருத்தும் வேலை. கணினியை முறைப்படி நிறுத்தினால் மாத்திரம் போதாது. மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். நிறுத்தப்பட்ட கணினியிலும், கம்பி செருகியிருக்குமளவும் தாய்ப்பலகையில் ஐந்து வோல்ற்று மின் காத்துக்கொண்டிருக்கும். கம்பியைக் கழற்றிய பின் தொடக்கும் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னும் வடிந்துவிடும். மின்வழங்கியின் இரும்புப் பேழையை மாத்திரம் எவரும் திறத்தலாகாது. வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ற்றினின்று பெற்ற ஆற்றல், கம்பியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே தங்கியிருந்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும். மூடிய பேழையாற் கேடில்லை.

மற்றோர் எதிரி கைவிரலிலேயே ஒளிந்திருப்பது. உடலில் உராய்வால் ஏறும் நிலைமின் சில ஆயிரம் வோல்ற்றை எட்டினாலன்றி மனிதனுக்குப் புலப்படாது; நுண்ணிய மின்னணு உறுப்புகளோ அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே பழுதாகும். எனவே அட்டையை எடுக்குமுன் கணினியின் வண்ணம் பூசாத இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றில் இவ்விடர் குறைவு. குளிரூட்டிய அறையில் மிகுதி. பொன்னிறப் பற்களைத் தொடாது அட்டையை விளிம்பிற் பிடித்தல் நலம்.

செருகுவாய்க்கு நேரே கணினியின் முதுகிலுள்ள மூடித்தகட்டை நீக்கி, அட்டையை நேராக நிறுத்தி, இரு பக்கமும் ஒரே சீராக அழுத்தினால் அது இறங்கி அமரும். சாய்த்து அசைத்துத் திணிக்க வேண்டியதில்லை. இறங்க மறுத்தால் வாய் தவறு, அல்லது தகடு இடிக்கின்றது. அமர்ந்ததும் திருகாணியைத் திருப்புளியால் முடுக்கிவிடலாம். சில அட்டைகளோடு மெல்லிய கம்பியொன்றும் வரும். புளூரூத் வசதிக்கான அதைத் தாய்ப்பலகையிலுள்ள யூ.எஸ்.பி. ஊசிகளில் இணைக்க வேண்டும். பலர் இதனைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பின்னர் புளூரூத் வேலை செய்யவில்லையென அட்டையைப் பழிப்பர்.

கணினியைத் தொடக்கியதும் எல்லாம் முடிந்ததென்பதில்லை. அட்டையின் மொழியைக் கணினிக்கு உணர்த்தும் இயக்கி என்ற நிரல் வேண்டும். அண்மைக்கால இயங்குதளங்கள் பெரும்பாலான அட்டைகளைத் தாமே இனங்கண்டுகொள்ளும். அங்ஙனம் காணாவிடின் ஒரு வேடிக்கையான சிக்கல் எழுகின்றது: இயக்கியைப் பெற இணையம் வேண்டும்; இணையத்தைப் பெற இயக்கி வேண்டும். இதனை அவிழ்க்க வழி இரண்டு. வேறொரு கணினியில் இயக்கியை இறக்கிப் பென் டிரைவில் எடுத்து வரலாம். அன்றேல் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைச் சற்று நேரம் இரவல் பெறலாம்.

திருகாணியைத் தொடவே அஞ்சுவோருக்கு யூ.எஸ்.பி. வாயிற் செருகும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன. அவசரத்துக்கு அவை உதவும். ஆனால் நகத்தளவான கருவியின் ஏரியலும் அதற்கேற்பச் சிறியதே, அன்றியும் யூ.எஸ்.பி. 3 வாய்கள் 2.4 கிகாஹேர்ட்ஸை அண்டிய இரைச்சலை எழுப்பக்கூடியவை. கம்பி இழுக்க வழியுள்ள வீட்டில் இவையொன்றும் வேண்டா. கம்பியின் உறுதி வானலைக்கு வாராது.

அட்டையைச் செவ்வனே பொருத்திய பின்னும் இணையம் தளர்ந்து வருவதாயின், குறை பெரும்பாலும் ஏரியல் நிற்கும் இடத்திலேயே உள்ளது. கணினியின் முதுகில் திருகப்பட்ட ஏரியல், ஒரு புறம் சுவராலும் மறுபுறம் இரும்புப் பெட்டியாலும் மறைக்கப்பட்டு மேசைக்கடியில் ஒடுங்கி நிற்கின்றது. பழைய வானொலிக்காரர் கம்பியைக் கூரைக்கு ஏற்றியது போல இதனையும் வெளியே கொணர வேண்டும். நீட்டற் கம்பியும் காந்த அடியும் கொண்ட ஏரியல்கள் இதற்கெனவே விற்கப்படுகின்றன. அதனை மேசையின்மேல், ரவுட்டர் இருக்கும் திசைக்குத் தடையின்றி வைத்துப் பார்க்கலாம். சுவர்கள் பலவாயின் 5 கிகாஹேர்ட்ஸை விடுத்து 2.4ஐத் தேர்ந்துகொள்வது பொருந்தும். வேகம் குறையும், ஆயினும் சுவரை ஊடுருவி வந்து சேரும்.