வீட்டில் கல்யாணம், கடையில் முதல்

மகளின் கல்யாணத்துக்கு எவ்வளவு செலவானது என்று எமது வியாபாரிகளிடம் கேட்டால் உடனே பதில் வரும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வரச் சற்றுத் தாமதமாகும். பல இடங்களில் அது இலாபத்தில் சேர்த்த பணமல்ல, கடையின் முதலிலிருந்து எடுத்த பணம். உறவினரதும் நண்பர்களதும் உதவியுடன் வீட்டிலேயே எளிமையாகக் கல்யாணம் நடத்துவதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதற்கு இதுவே காரணம்.

யட்டியாந்தோட்டையில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அவிசாவளை - ஹட்டன் வீதியில், களனி கங்கையோரத்தில் உள்ள சிறு நகரம். சுற்றிலும் தேயிலை, இறப்பர் தோட்டங்கள். தோட்டச் சம்பள நாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பெருநாள் என்பனவே எமது பருவங்கள். புறக்கோட்டையில் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கெடுக்கிறோம். விற்ற பணத்தில் காசோலையைத் தீர்க்கிறோம். இந்தச் சுற்று ஒரு தடவை நின்றால் கடை தடுமாறும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து இலட்சம் ரூபா சரக்கு வருடத்தில் நான்கு தடவை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் செலவு போக 10 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து இலட்சத்தைக் கல்யாணத்துக்கு எடுத்தால் முதலுடன் வருடத்துக்கு நான்கு இலட்சம் வருமானமும் போகிறது. முதல் திரும்பிச் சேரும் வரை இந்த இழப்பு ஒவ்வொரு வருடமும் தொடரும்.

மண்டபக் கணக்கையும் பார்ப்போம். ஒருவருக்கு 4,000 ரூபா என்று பேசினால் 300 பேருக்கு 12 இலட்சம். அதற்குமேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் இருந்தால் 13 இலட்சத்து 20 ஆயிரம். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். அதையும் சேர்த்தால் 15 இலட்சத்து 57 ஆயிரத்து 600 ரூபா. பேசிய விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையில் மூன்றரை இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

கடந்த வருடம் எனது அயலிலுள்ள புடவை வியாபாரி ஒருவர் 300 பேரை அழைத்து மகளின் கல்யாணத்தை வீட்டிலேயே செய்தார். கணக்கு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார். மொத்தச் செலவு மேற்சொன்ன மண்டபக் கணக்கின் பாதியைக்கூட எட்டவில்லை. அங்கு கண்ட மூன்று விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, திகதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியுடன் மழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஓரளவு வெயில். ஆனால் அதே காலத்தில்தான் இறப்பர் மரம் இலையுதிர்ந்து பால் குறைகிறது, கடைவீதியிலும் காசுப் புழக்கம் குறைகிறது. புத்தாண்டுச் சரக்கெடுப்பதும் பெப்ரவரி, மார்ச்சில்தான். ரமழானோ ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாட்கள் முந்தி வருகிறது. இவற்றையெல்லாம் பார்த்து அவர் ஜனவரி மூன்றாம் வாரத்தைத் தெரிவு செய்தார். சம்பள நாளை ஒட்டிய வார இறுதியையும் தவிர்த்தார். உதவிக்கு வரும் நண்பர்களும் கடைக்காரர்கள்தானே, அவர்களது நல்ல வியாபார நாளை நாம் கேட்கக்கூடாது என்றார். வெயில் மாதமாக இருந்தும் பந்தலுக்குத் தகரமே போட்டார்.

இரண்டாவது, வேலைப் பட்டியல். “எல்லாரும் வருவாங்க, பார்த்துக்கொள்ளலாம்” என்பது திட்டமல்ல. ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளி, ஒரு நேரம் என்று எழுத வேண்டும். சாமான் வாங்குவது மச்சானின் பொறுப்பு. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அடுப்பு மூட்டவும் வாகனம் நிறுத்தவும் தமது வளவைத் தந்தது. தோட்டத்து நண்பர்கள் மூங்கிலும் குருத்தோலையும் கொண்டு வந்து வாசலை அலங்கரித்தார்கள். குடும்பப் பெண்கள் எமது பகுதிக் கித்துல் கருப்பட்டியில் முதல்நாளே வட்டிலப்பம் அவித்து வைத்தார்கள். சுபஹுக்குப் பின் சோற்றுக்கு அடுப்பு மூட்டப்பட்டது. பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, ளுஹர் தொழுகைக்குப் பின் சாப்பாடு. சஹனுக்கு ஆறு பேராக 50 சஹன், சஹனுக்கு ஒரு கிலோ அரிசி. மாற்று மத நண்பர்களுக்கு மரக்கறிச் சாப்பாடு தனியாகச் சமைக்கப்பட்டது.

இரண்டு வேலைகளை மட்டும் நட்புக்கு விடாமல் கூலி கொடுத்தே செய்வித்தார். ஒன்று சமையல், மற்றது பாத்திரம் கழுவுதல். முந்நூறு பேரின் சாப்பாடு தெரிந்தவரின் கையில் இருக்க வேண்டும். கழுவும் வேலையை யாருக்கும் ஒப்படைக்காவிட்டால் கடைசியில் அது வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழும்.

மூன்றாவது, தனிக் கொப்பி. கல்யாணத்துக்கென முந்திய வருடமே மாதாமாதம் ஒதுக்கிய பணம் அதில் வரவு. கடையிலிருந்து எடுத்த ஒவ்வொரு துணியும் கொள்விலையில் செலவு. சொந்தக் கடைதானே என்று எழுதாமல் எடுக்கும் சரக்கே முதலைக் கரைக்கிறது. யார் என்ன உதவி செய்தார் என்பதும் அதே கொப்பியில் எழுதப்பட்டது. அதுவும் கடன்தான், அவர்கள் வீட்டு விசேஷத்தில் எமது உழைப்பால் தீர்க்க வேண்டிய கடன். பலசரக்குக் கடைக்காரருக்குரிய பணம் அந்த வாரமே கொடுத்து முடிக்கப்பட்டது. கல்யாண வீடு என்று சொல்லி அவரது பணத்தை இழுத்தடித்தால், அவரது முதலில் நாம் கல்யாணம் நடத்தியதாகவே ஆகும்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களின் சம்பவம் வியாபாரிகளாகிய நமக்குப் பொருத்தமானது. மக்காவிலிருந்து மதீனாவுக்கு வெறுங்கையுடன் வந்த அவருக்கு, ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ அதை ஏற்காமல் சந்தை எங்கே என்று கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதித்தார். பின்னர் ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்துத் திருமணம் செய்தார். ஓர் ஆட்டை அறுத்தேனும் வலீமா கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கூறினார்கள். வலீமா மாப்பிள்ளையின் பொறுப்பு. எம்மிடையே பெண் வீட்டார் ஒரு விருந்தும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு விருந்தும் வைக்கிறார்கள். இரு வீட்டாரும் பேசி ஒரே விருந்தாக்கினால் இரு பக்கமும் முதல் மிஞ்சும்.

மண்டபம் எடுக்காவிட்டால் கை தளர்ந்துவிட்டது என்று ஊர் பேசும் எனச் சிலர் பயப்படுகிறார்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரி எமது மண்டபத்தைப் பார்ப்பதில்லை, காசோலை திரும்பாமல் வருகிறதா என்றுதான் பார்க்கிறார். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டதை நாம் மறக்க முடியாது. முன்பு வாங்கிய அதே சரக்கை வாங்க அப்போது மிக அதிகமான பணம் தேவைப்பட்டது. முதலைக் கரைத்திருந்தவர்களுக்கு வெறுமையான இறாக்கைகளை நிரப்புவது பெரும்பாடாயிற்று.

ஆகவே அழைப்பிதழ் அடிப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கல்யாணம் முடிந்த மறுவாரம் வழமையான அளவு சரக்கெடுக்கப் புறக்கோட்டைக்குப் போக முடியுமா? முடியும் என்றால் திகதியைக் குறியுங்கள். முடியாது என்றால், முடியும் வரை பட்டியலில் ஒவ்வொன்றாக வெட்டுங்கள்.