கல்லூரிக்குப் போகாமல் படிக்கும் வீரர்கள்

பாளையங்கோட்டைக்கு ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று ஒரு பெயர் உண்டு. பெயர் சும்மா வரவில்லை. அங்கே திரும்பிய பக்கமெல்லாம் பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான்! 1878-ல் தூய யோவான் கல்லூரி தோன்றியது. 1895-ல் பெண்களுக்காகச் சாராள் தக்கர் கல்லூரி வந்தது. 1923-ல் தூய சவேரியார் கல்லூரி பிறந்தது. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமே நெல்லைக்கு வந்துவிட்டது.

அதே பாளையங்கோட்டையில்தான் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கிறது. பொழுது விடிவதற்கு முன்பே அங்கே பிள்ளைகள் ஓட ஆரம்பித்து விடுகிறார்கள்.

ஒரு பக்கம் கல்லூரி மணி. இன்னொரு பக்கம் பயிற்சியாளரின் விசில். இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மாணவன் எங்கே போவான்?

இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு புதிய பதில் கிடைத்திருக்கிறது. “கல்லூரிக்கே போக வேண்டாம். செல்போனில் பாடத்தைப் படி. மைதானத்துக்குப் போய் விளையாடு!” என்பதே அந்தப் பதில். கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. ஆனால் இதில் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு?

விளையாட்டு மண்

தாமிரபரணிக் கரை நெல்லுக்கும் வாழைக்கும் மட்டும் பேர் போனது அல்ல. கபடிக்கும் பேர் போனது. ஆற்றின் கீழ்ப்பகுதியில், தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்ற கிராமம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் கணேசன், 1994-ல் ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கப்பதக்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். 1995-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. 2025 தீபாவளிக்கு வெளியான ‘பைசன்’ திரைப்படம் அவருடைய வாழ்க்கையைத் தழுவியதுதான்.

பழைய நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டியோ ஹாக்கி ஊர். அந்த ஊர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடினார்.

இவர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிளஸ்-2 முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவர்களில் பலருக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது.

22 நாள் கணக்கு

கல்லூரியில் ஒரு பருவத்துக்குச் சுமார் 90 வேலை நாட்கள். பொதுவாக நூற்றுக்கு 75 வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். அப்படியானால் 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும். மிஞ்சுவது 22 நாள்.

இந்த 22 நாளுக்குள் காய்ச்சலும் வரும். அக்காள் கல்யாணமும் வரும். ஊர்க் கொடையும் வரும். இவற்றுக்கு நடுவே விளையாட்டு! வடநாட்டில் ஒரு போட்டி என்றால், ரயிலில் போக வர மட்டும் நாலைந்து நாள் ஓடிவிடும். போட்டிக்கு முன்னால் பயிற்சி முகாம். ஜெயித்தால் அடுத்த சுற்று. நன்றாக ஆடுகிறவனுக்குத்தான் அதிக நாள் போகும்!

இதற்குக் கல்லூரிகள் ஒரு சலுகை தருகின்றன. கல்லூரிக்காக விளையாடப் போகிறவனை, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு வைக்கிறார்கள். மாணவர்கள் இதை ‘ஓ.டி.’ என்பார்கள். நல்ல சலுகைதான். ஆனால் ஓ.டி. வருகைப் பதிவேட்டை நிரப்பும், மூளையை நிரப்பாது. அவன் இல்லாத நாட்களில் நடந்த பாடம் நடந்ததுதான்.

நாலரை மணிக்கு எழுந்தால்...

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்து மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காலை நாலரை மணிக்கு எழுகிறான். முதல் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வருகிறான். இரண்டு மணி நேரம் பயிற்சி. வேர்வை காய்வதற்குள் வகுப்பு. மாலையில் மறுபடியும் பயிற்சி. வீடு திரும்பும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு முன்னால் தூக்கம் வருகிறது!

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். இருட்டிய பிறகு பஸ்ஸில் வரவேண்டுமே என்று தாய் தகப்பன் பயப்படுகிறார்கள். “படிப்பு, விளையாட்டு இரண்டில் ஒன்றை விடு” என்கிறார்கள். பல வீடுகளில் அவள் விடுவது விளையாட்டைத்தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, பாடம் தானாகவே வந்து கதவைத் தட்டினால் எவ்வளவு நல்லது!

தபாலில் வந்த பாடம்

வீடு தேடி வரும் பாடம் புதிது அல்ல. 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தொடங்கியது. அப்போது நெல்லைக் கல்லூரிகள் மதுரையோடுதான் இணைந்திருந்தன. பாடப் புத்தகம் தபாலில் வரும். விடுமுறை நாளில் நேர்முக வகுப்பு நடக்கும். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், குடும்பப் பெண்கள் எல்லோரும் இப்படிப் படித்துப் பட்டம் பெற்றார்கள்.

1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 2003-ல் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து ‘என்.பி.டெல்.’ என்ற பெயரில் பாடங்களைப் படம் பிடித்து இணையத்தில் தரத் தொடங்கின. 2017-ல் மத்திய அரசு ‘சுவயம்’ என்ற இணையப் பள்ளியைத் திறந்தது. செல்போன் இல்லாத வீட்டுக்காக ‘சுவயம் பிரபா’ என்ற டெலிவிஷன் சேனல்களும் வந்தன.

தபால்காரர் கொண்டுவந்த பாடத்தைச் செல்போன் கொண்டுவருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொரோனா நடத்திய பரீட்சை

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடினார்கள். எல்லா மாணவர்களும் செல்போனில் படிக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா தரத் தமிழக அரசு ஏற்பாடு செய்தது.

அப்போது இரண்டு உண்மைகள் தெரிந்தன. கிராமத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் பாடம் கேட்கலாம் என்பது ஒன்று. எல்லோரும் கேட்பதில்லை என்பது மற்றொன்று! ஒரு வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள். மலையடிவாரக் கிராமங்களில் சிக்னலைத் தேடி மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்தது. போனைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தவர்களும் உண்டு. ஆசிரியர் கண்ணுக்குப் பெயர் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்லூரி மாணவன் தன் பாடங்களில் ஒரு பகுதியைச் சுவயம் வழியாகப் படித்து, அந்த மதிப்பெண்ணைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 20 பங்கு வரை இப்படிப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் சொன்னது. 2021-ல் அதை 40 பங்காக உயர்த்தியது. ஆனால் எந்தெந்தப் பாடம் என்பதை அவனுடைய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முழுப் பட்டத்தையும் இணையத்திலேயே படிக்கவும் வழி உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அப்படிப் பெறும் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் மானியக் குழு அறிவித்தது.

“அப்படியானால் எல்லா வீரர்களும் முழுக்க இணையத்திலேயே படிக்கலாமே?” என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது! பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டிகளில் ஆட, கல்லூரியில் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். கல்லூரியை விட்டு வெளியேறினால், கல்லூரி அணியின் சட்டையையும் கழற்ற வேண்டியதுதான். பெரிய அணிகளில் இடம் பிடித்துவிட்டவருக்கு அது பெரிய விஷயம் அல்ல. இனிமேல்தான் மேலே வரவேண்டும் என்கிற கிராமத்துப் பிள்ளைக்கு அந்தச் சட்டைதான் முதல் படிக்கட்டு.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது கோடிக்கணக்கான பணம் புரளும் விஷயம். அங்கே கையில் பந்தை ஏந்தி ஓடும் ஒருவகைக் கால்பந்தைப் பார்க்க, ஒரே மைதானத்தில் லட்சம் பேர் கூடுவார்கள். 2019-ல் அந்த ஆட்டத்தின் இரண்டு பெரிய கல்லூரி நட்சத்திரங்களான ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், ஜோ பர்ரோ இருவரும் இணைய வகுப்புகளில்தான் படித்தார்கள். விதி அதற்கு இடம் கொடுத்தது. ஆனால், “பேருக்குத்தான் மாணவர், வகுப்பறையை எட்டியே பார்ப்பதில்லையே!” என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்புக்குக் காரணம் உண்டு. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன்பே ஒரு பெரிய கூத்து நடந்திருந்தது. 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத வகுப்புகள் இருந்தன! ஆசிரியர் வரமாட்டார். மாணவனும் வரமாட்டான். கடைசியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல மதிப்பெண். 2014-ல் வெளியான விசாரணை அறிக்கை, 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் இப்படிப் ‘படித்தார்கள்’ என்று சொன்னது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள்.

அவை இணைய வகுப்புகள் அல்ல. ஆனால் பாடம் கண்டிப்புடன் நடக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம். ஏமாந்தது யார்? பல்கலைக்கழகம் பந்தயத்தில் ஜெயித்தது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். வெறும் காகிதத்தோடு வீட்டுக்குப் போனவன் அந்த வீரன்தான்!

பட்டம் எதற்கு?

“நன்றாக விளையாடுகிறவனுக்குப் பட்டம் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள்.

முழங்கால் ஒரு முறை பிசகினால் போதும். கபடிக்காரனின் கதை அன்றோடு முடியலாம். முடியாவிட்டாலும், முப்பது முப்பத்தைந்து வயதில் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. விளையாட்டு வீரர்களுக்கு ரயில்வே, போலீஸ், வங்கிகளில் வேலை உண்டு. ஆனால் அங்கேயும் பட்டதாரிக்கு ஒரு நாற்காலி. பட்டம் இல்லாதவருக்கு ஒரு நாற்காலி. சம்பளமும் அப்படியே.

விளையாட்டையும் படிப்பையும் சேர்த்துச் சுமந்தவர்கள் இல்லாமல் இல்லை. முன்னாள் சதுரங்க உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் படித்தவர். டெஸ்ட் போட்டிகளில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின், தகவல் தொழில்நுட்பப் பொறியாளர். டேபிள் டென்னிஸ் வீரர் சத்தியனும் பொறியியல் பட்டதாரி. 2016-ல் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பி.வி.சிந்து ஹைதராபாத்தில் பி.காம். படித்தார். இவர்கள் படித்த காலத்தில் இன்றைக்கு உள்ள வசதிகூடக் கிடையாது.

எது நல்ல வழி?

நெல்லைப் பிள்ளைக்கு நடுவழிதான் நல்லது. கல்லூரியில் பெயர் இருக்க வேண்டும். போட்டிக்குப் போகும் நாட்களில் தவறிய பாடத்தைச் செல்போன் கொண்டுவர வேண்டும். தேர்வை மட்டும் எல்லோரையும் போல நேரில் எழுத வேண்டும்.

என்.பி.டெல். பாடத்தில் இந்த முறைதான் இருக்கிறது. வாரந்தோறும் வீட்டுப்பாடம், அதற்கு 25 மதிப்பெண். மேற்பார்வையோடு நடக்கும் தேர்வுக்கு 75 மதிப்பெண். பாடத்தை எங்கே இருந்தும் கேட்கலாம்; தேர்வு மையத்துக்கு நேரில் வரவேண்டும். அங்கே ஏமாற்ற முடியாது.

கல்லூரியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம். நடத்திய பாடத்தைப் பதிவு செய்து கொடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை. போட்டி நாளில் தேர்வு வந்தால் இன்னொரு நாள் வைக்கலாம். வீரர்களின் படிப்பை விசாரிக்க ஓர் ஆசிரியரை நியமிக்கலாம். விளையாட்டுக்குப் பயிற்சியாளர் இருக்கும்போது, படிப்புக்கு ஒருவர் வேண்டாமா?

வேதியியல் போன்ற பாடங்களில் கையால் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் உண்டு. அவற்றைத் திரையில் கற்க முடியாது. அந்தப் பாடங்களை எடுக்கும் மாணவன், நாட்களை எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும்.

சேருவதற்கு முன்னால்

பெற்றோர் நாலு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. முழுக்க இணையவழிப் பட்டம் என்றால், மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா? பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

2. அந்தப் படிப்பில் சேர்ந்தால் கல்லூரி அணியில் ஆட முடியுமா?

3. சுவயம் பாடங்களின் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறதா?

4. வீட்டில் தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைக்கென்று ஒரு போனும், ஓர் அமைதியான மூலையும் கிடைக்குமா?

நாலாவது கேள்விக்குப் பதில் பெற்றோர் கையிலேயே இருக்கிறது.

கல்லூரிக்குப் போகாமல் படிக்கலாம். அதில் குற்றம் இல்லை. படிக்காமல் பட்டம் வாங்குவதுதான் கூடாது. மைதானத்தில் விசில் ஊதும் காலம் பத்துப் பதினைந்து வருஷம். அதற்குப் பிறகும் முப்பது வருஷம் அடுப்பு எரிய வேண்டுமே!